முதல் ஹோம்ஸ்டே வீட்டை எங்கே வாங்குவது: சின்னக்கானலா, வாகமண்ணா, குமுளியா, குற்றாலமா?

சின்னமனூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவருக்கு மதுரையில் வேலை, வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். பிள்ளைகள் உள்ளூரில் படிக்கிறார்கள். கையில் 35 லட்சம் இருக்கிறது, பேங்கில் 25 லட்சம் லோன் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். நாள் வாடகைக்கு விடுவதற்கென்றே ஒரு வீடு வாங்க வேண்டும். போடி புரோக்கர் ஒருவர் சின்னக்கானலில் பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி ஒரு காட்டேஜைக் காட்டியிருக்கிறார். வாகமண், குமுளி, குற்றாலம் மூன்றையும் யோசித்து வைத்திருக்கிறார். குற்றாலம் தவிர மற்ற மூன்றும் கேரளாவின் இடுக்கிப் பக்கம். "இந்த நாலில் எந்த ஊர் நல்லது?" என்பது கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நிலைமைக்கு, முதல் வீடாக, இந்த நாலுமே வேண்டாம். சின்னமனூரிலிருந்து, குமுளி மலைக்குக் கீழே இருக்கும் லோயர் கேம்ப் வரைக்குமான அடிவாரத்தில், உங்கள் வீட்டிலிருந்து அரை மணி, முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடத்தில் வாங்குங்கள். லோன் இல்லாமல், கையில் இருக்கும் 35-க்குள்ளேயே முடியுங்கள். இதைக் கேட்டதும் சப்பென்று இருக்கும் என்று எனக்குத் தெரியும். மேலே பனி, தேயிலை, வியூ. கீழே வெயில், தென்னந்தோப்பு. ஆனாலும் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நான் கம்பத்துக்காரன். நாள் வாடகை வீடு ஒன்றை இங்கே நடத்துகிறேன். என் மைத்துனர் குடும்பம் குமுளியில் ஹோம்ஸ்டே வைத்து அதிலேயே குடியிருக்கிறது. மலையின் இரண்டு பக்கமும் எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, அந்த வீட்டில் நீங்கள் குடியிருப்பீர்களா என்பதைத்தான். கேரளச் சுற்றுலாத் துறை ஹோம்ஸ்டேக்களுக்கு சில்வர், கோல்டு, டைமண்ட் என்று தரம் கொடுக்கிறது. ஆறு அறை வரைக்கும் விடலாம். ஆனால் வீட்டுக்காரர் குடும்பம் அங்கேயே வசிக்க வேண்டும். என் மைத்துனருக்கு அது சரியாகப் பொருந்துகிறது. அங்கீகாரம் பெற்ற ஹோம்ஸ்டே என்பதால் கரண்டு பில்கூட வீட்டுக் கட்டணத்தில்தான் வருகிறது. நீங்கள் சின்னமனூரில் இருந்துகொண்டு மேலே ஆள் வைத்து நடத்தினால் அந்தக் கணக்கில் வர முடியாது. அப்போது அது வணிகக் கட்டடம். பஞ்சாயத்து லைசென்ஸ், கட்டட எண், வரி, கரண்டு எல்லாமே வேறு கணக்கு. அதற்குப் பிறகுதான் பெரிய சிக்கலே ஆரம்பிக்கிறது: அந்த நிலத்தில் வணிகம் செய்ய அனுமதி உண்டா?

இடுக்கி மாவட்டத்தில் கைமாறும் நிலங்களில் கணிசமானவை அரசு பட்டயம் கொடுத்த நிலங்கள். பட்டயம் என்பது அரசு நிலத்தை ஒருவருக்கு ஒதுக்கிக் கொடுக்கும் பத்திரம். 1964-ஆம் ஆண்டு நிலப் பதிவு விதிகளின்படி கொடுத்த பட்டயம் என்றால், சொந்தமாக விவசாயம் செய்ய, வீடு கட்டிக் குடியிருக்க, பக்கத்தில் இருக்கும் சொந்த நிலத்தின் வசதிக்கு, இவற்றுக்குத்தான் நிலம் கொடுக்கப்பட்டது. ரிசார்ட் நடத்துவதற்கு அல்ல. புரோக்கரிடம் ஆதாரத்தின் (கேரளாவில் கிரயப் பத்திரத்தை அப்படித்தான் சொல்வார்கள்) நகலை வாங்குவதோடு நின்றுவிடாதீர்கள். பட்டயத்தின் நகலையே கேளுங்கள். எந்த விதியின் கீழ் கொடுத்தது, எந்த நோக்கத்துக்காகக் கொடுத்தது என்பது அதிலேயே இருக்கும். மலையாளம் படிக்கத் தெரிந்த, அந்தப் புரோக்கருக்கு வேண்டாத ஒருவரை வைத்து அந்த வரியை மட்டும் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். 60 லட்ச ரூபாய் விவகாரம் அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

சின்னக்கானல் என்றால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். சின்னக்கானல், பள்ளிவாசல் உள்ளிட்ட எட்டு வில்லேஜ்களில் கட்டடம் கட்ட வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) தேவை என்பது பல வருடங்களாக இருக்கும் கட்டுப்பாடு. 2007-ல் மூணாறு பக்கம் ஜேசிபி வைத்து ரிசார்ட்டுகளை இடித்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். தேவிகுளம் தாலுகாவில் 1999-ல் கொடுத்த, ஊரில் ரவீந்திரன் பட்டயம் என்று சொல்லும் 530 பட்டயங்களை ரத்து செய்யச் சொல்லி 2022 ஜனவரியில் கேரள அரசு உத்தரவு போட்டது. இடுக்கியின் ஏலமலைக் காடுகள் வனமா, வருவாய் நிலமா என்ற வழக்கில் 2024 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் புதிய பட்டயங்கள் கொடுப்பதற்கு இடைக்காலத் தடை விதித்தது. "அதெல்லாம் பழைய கதைங்க, இப்போ சட்டத்தையே மாத்திட்டாங்க" என்று புரோக்கர் சொல்வார். அதில் பாதி உண்மை. 2023-ல் கேரள சட்டசபை பட்டய நிலச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது, 2024-ல் கவர்னர் கையெழுத்திட்டார். பட்டய நோக்கத்தை மீறிக் கட்டிய கட்டடங்களை வரன்முறைப்படுத்த அதில் வழி இருக்கிறது. ஆனால் வழி இருப்பது வேறு, நீங்கள் வாங்கும் அந்தக் கட்டடத்துக்கு உத்தரவு வந்திருப்பது வேறு. விற்பவர் தன் பெயரில் வரன்முறை உத்தரவை வாங்கிக் கையில் கொடுக்கட்டும், அப்புறம் விலை பேசலாம். "நீங்க வாங்கின பிறகு செஞ்சுக்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

தோட்ட நிலத்தைத் துண்டு போட்டு விற்பதும் நடக்கிறது. தேயிலை, காப்பி, ஏலம், ரப்பர் தோட்டங்களுக்குக் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் நில உச்சவரம்பிலிருந்து விலக்கு உண்டு. தோட்டமாக வைத்திருக்கிறவரைதான் அந்த விலக்கு. பெரிய எஸ்டேட்டிலிருந்து பத்து சென்ட் பிரித்து வாங்கி வீடு கட்டினால், அந்த விலக்கே கேள்விக்குள்ளாகும். வாகமண் பக்கம் "எஸ்டேட் வில்லா பிளாட்" என்று யாராவது விளம்பரம் காட்டினால் முதலில் இதைக் கேளுங்கள். அந்தப் பக்கத்துப் பருந்தும்பாறையில் 2025-ல் ஆக்கிரமிப்பு என்று வருவாய்த் துறை இறங்கியதையும் மறந்துவிட வேண்டாம். உங்கள் உறவுக்காரர்கள் யாராவது கோவைப் பக்கமிருந்து அட்டப்பாடியில் வாங்கலாம் என்று சொன்னாலும் இதே எச்சரிக்கைதான், அங்கே காரணம் வேறு. பழங்குடியினர் நிலம் கைமாறியதை மீட்டுக் கொடுக்கும் சட்டங்கள் 1975-லும் 1999-லும் வந்தவை. மூலப்பத்திரத்தில் ஒரு ஆதிவாசிக் குடும்பத்தின் பெயர் இருந்தால், நாளைக்கு அது அவர்களுக்கே திரும்ப வேண்டிய நிலமாக இருக்கலாம். திரும்பினால் அதுதான் நியாயமும்கூட.

சரி, பேப்பர் எல்லாம் சுத்தமாக இருக்கிற ஒரு சின்னக்கானல் வீடு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு படுக்கையறை காட்டேஜ், ஒரு ராத்திரிக்கு 4,500 ரூபாய், வருடத்துக்கு 120 ராத்திரி. முதல் வருடத்துக்கு இது ஓரளவு நல்ல கணக்குத்தான். வரவு 5,40,000. பெரும்பாலும் புக்கிங் தளங்கள் வழியாகத்தான் ஆள் வரும் என்பதால் கமிஷன் 15 சதவீதம் என்று வைத்தால் 81,000. நீங்கள் அங்கே இல்லாததால் காவலுக்கும் சமையலுக்கும் ஒரு தம்பதி வேண்டும், மாதம் 15,000 என்றால் 1,80,000. துணி, சுத்தம் 64,000. கரண்டு, நெட், கேஸ் 72,000. ரிப்பேர், கோடையில் தண்ணீர், ஜீப் வாடகை எல்லாம் சேர்த்து 75,000. மிச்சம் 68,000. 25 லட்சம் லோனுக்கு 9 சதவீத வட்டியில் 15 வருடம் என்றால் மாதத் தவணை 25,000-க்குக் கொஞ்சம் மேலே, வருடத்துக்கு 3 லட்சத்துச் சொச்சம். ஆக வருடத்துக்கு இரண்டேகால் லட்சத்துக்கு மேல் உங்கள் கணவர் சம்பளத்திலிருந்து போக வேண்டும். ராத்திரிகள் 120-க்குப் பதில் 180 ஆனால்கூட முழுதாகச் சமாளிக்க முடியாது. புரோக்கர் காட்டும் கணக்கில் சனி, ஞாயிறு வாடகையை 30 நாளால் பெருக்கியிருப்பார், அந்தக் காகிதத்தை நம்ப வேண்டாம்.

இந்தக் கணக்கில் வராத சில விஷயங்களும் உண்டு. ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் மேலே துணி காயாது. போர்வையை வராண்டாவில் மூன்று நாள் தொங்கவிட்டாலும் உள்ளங்கை வைத்தால் ஈரம் தெரியும், நாலாம் நாள் ஒரு நாற்றம் வரும். ரூமுக்கு வந்த குடும்பம் வியூவைப் பற்றி ஒரு வரி எழுதும், பெட்ஷீட் நாற்றத்தைப் பற்றி நாலு வரி எழுதும். நல்லபடியாக நடத்துகிறவர்கள் மூன்று செட் துணி வைத்துக்கொள்கிறார்கள், டிரையர் வாங்கிவிடுகிறார்கள், அல்லது மூட்டை கட்டிக் கம்பத்துக்கு இறக்கித் துவைத்து எடுத்துப்போகிறார்கள். அப்புறம் யானை. அரிசிக்கொம்பனை 2023 ஏப்ரல் கடைசியில் பிடித்தது சின்னக்கானலில்தான். அது போய்விட்டாலும் அந்தப் பகுதி யானைகளின் இடம் என்பது மாறவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு விருந்தினர் வெளியே கேம்ப் ஃபயர் கேட்டால் முடியாது என்று சொல்ல அங்கே பொறுப்பான ஆள் இருக்க வேண்டும். போனில் சின்னமனூரிலிருந்து சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ரோட்டையும் யோசியுங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கிச் சுற்றுலாவே படுத்தது. அந்த வருடம் குறிஞ்சி பூத்த வருடம், எல்லோரும் நம்பி முதலீடு செய்திருந்தார்கள். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவில் எழுபது உயிர் போனது. எல்லாம் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மூணாறு கேப் ரோட்டில் மண் சரிந்து போக்குவரத்து நிற்பது மழைக்காலச் செய்தியாகவே ஆகிவிட்டது. நம் பக்கத்திலிருந்து மேலே ஏறக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று பாதைதான் முக்கியம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றியபோது குமுளி வழி நாள்கணக்கில் அடைபட்டுக் கிடந்ததைப் பார்த்தோம். 2020-ல் கொரோனாவுக்குப் பாஸ் இல்லாமல் யாரும் ஏற முடியவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் சொத்து, இந்தப் பக்கம் வீடு என்று இருப்பவருக்கு அது சாதாரணக் கஷ்டம் அல்ல. பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஓடு ஒழுகினால்கூடப் போய்ப் பார்க்க வழி இருக்காது.

குமுளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நாலில் எனக்குப் பிடித்தது அதுதான். தேக்கடி இருப்பதால் வாரநாளிலும் ஆள் வருகிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் தங்குகிறார்கள். அவர்கள் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசுக்கு ஆன்லைனில் ஏற்ற வேண்டும், அது தவறவே கூடாது. வடநாட்டுக் குடும்பங்கள் மூணாறு முடித்து ஆலப்புழை போகும் வழியில் ஒரு ராத்திரி நிற்கிறார்கள். கடை, ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் நடந்து போகும் தூரம். ஆனால் இந்த ஊரில் நன்றாக ஓடும் வீடுகளில் குடும்பமே வேலை செய்கிறது. காலையில் அப்பமும் கடலைக்கறியும் அந்த வீட்டு அம்மாவே வைக்கிறார், விருந்தினர் அதைத்தான் எழுதுகிறார்கள். பிள்ளைகள் படிப்பு முடிந்து நீங்களும் கணவரும் மேலே போய்க் குடியிருக்கலாம் என்ற நிலை வந்தால், குமுளியை மறுபடி எடுத்துப் பேசலாம். இப்போது வேண்டாம்.

குற்றாலத்தைப் பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாட்டுப் பட்டா, தமிழில் பத்திரம், அந்த வகையில் நிம்மதி. தென்காசிக்காரருக்கு நான் இலஞ்சி, மேலகரம் பக்கம் தாராளமாக வாங்கச் சொல்வேன். ஆனி, ஆடி, ஆவணியில் சாரல் அடித்தால் ரூம் கிடைக்காது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள். மற்ற மாதங்களில் தெருவே காலி. சாரல் பொய்த்தால் அந்த வருடம் போச்சு, வெள்ளம் வந்தாலும் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பையன் இறந்த பிறகு கெடுபிடி இன்னும் அதிகம். சின்னமனூரிலிருந்து நாலு மணி நேரப் பயணம் என்பதே உங்களுக்குப் போதுமான காரணம். பாத்ரூம் குழாய் உடைந்தால் யார் போவது?

இனி நம் அடிவாரத்துக்கு வருகிறேன். இங்கே யார் வந்து தங்குவார்கள் என்பதுதான் உங்கள் மனதில் ஓடும். நான் பார்த்த வரைக்கும் சொல்கிறேன்.

சின்னமனூரே மேகமலைக்கு வாசல். மேலே போகும் ரோட்டில் வனத்துறைச் சோதனைச்சாவடி இருக்கிறது, சாயங்காலத்துக்கு மேல் வண்டியை விடுவதில்லை. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவித்த பிறகு மேலே புதிதாக எதுவும் கட்டுவது நடக்காத காரியம். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கிளம்பி ராத்திரி ஏழு மணிக்குச் சின்னமனூர் வந்து சேரும் குடும்பம் எங்கே தங்குகிறது? லாட்ஜில். பிள்ளைகளும் பாட்டியும் இருக்கும் குடும்பத்துக்கு லாட்ஜ் பிடிப்பதில்லை. சமையலறையோடு ஒரு வீடு கிடைத்தால் சந்தோஷமாக எடுப்பார்கள். 2023 ஜூனிலிருந்து சென்னை ரயில் போடி வரைக்கும் வருகிறது. காரில்லாமல் வந்து இங்கே வண்டி எடுக்கும் கூட்டமும் வருகிறது.

கார்த்திகை ஒன்றிலிருந்து தை வரைக்கும் ஐயப்ப சீசன். அவர்களுக்கு வேண்டியது கட்டில் இல்லை, விசாலமான ஹால், நிறைய வெந்நீர், ஈரத் துணி காயப்போட மாடி, சைவமாகச் சமைத்துக்கொள்ள இடம். நடுராத்திரி வருவார்கள், விடிவதற்குள் கிளம்புவார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, திரும்புகிறவர்களைக் குமுளி வழியாக இறக்குவார்கள். அதனால் கூடலூர், லோயர் கேம்ப் பக்கம் வீடு இருந்தால் மலையிறங்கிக் களைத்து வருகிறவர்கள் கிடைப்பார்கள். கம்பத்துக்கு இந்தப் பக்கம் என்றால் இரண்டு வகையும் கிடைக்கும்.

வாரநாளில் வருபவர்கள்தான் உங்களுக்கு உண்மையான சோறு. போடியிலும் புத்தடியிலும் நடக்கும் ஏலக்காய் ஏலத்துக்கு வரும் வியாபாரிகள், காற்றாலை வேலைக்கு வரும் இன்ஜினியர்கள், கல்யாணத்துக்கு வெளியூரிலிருந்து வரும் சொந்தங்கள், ஊர்த் திருவிழாவுக்கு வரும் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள். கடைசியில் சொன்ன இரண்டு வகைக்கும் புக்கிங் தளமே தேவையில்லை. உள்ளூர் மண்டபத்து மேனேஜர்களிடம் உங்கள் நம்பர் இருந்தால் போதும். மேலே இருக்கும் காட்டேஜுக்கு இந்த வசதி கிடையாது. கோடையில் மட்டும் இங்கே வெயில், ஏசி இல்லாமல் விட முடியாது. அந்தச் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தேக்கடி போகிறவர்களுக்கு முதல் போட் காலை 7.30-க்கு என்பதால், அவர்களைக் குறி வைத்தால் கூடலூர் பக்கமே வசதி.

கணக்கு இப்படி வரும். 35 லட்சத்துக்குள் ஒரு வீடு, லோன் இல்லை. ராத்திரிக்கு 2,500, வருடத்துக்கு 150 ராத்திரி, வரவு 3,75,000. பாதிப் பேர் நேரடியாக வருவதால் கமிஷன் 28,000. கூட்டித் துடைக்கவும் துணி துவைக்கவும் ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் 600, சுமார் நூறு முறை, 60,000. கரண்டு, நெட், கேஸ் 48,000. ரிப்பேர் 40,000. மிச்சம் இரண்டு லட்சம். இதே வீட்டை மாத வாடகைக்கு 8,000-க்கு விட்டால் வருடத்துக்கு 96,000. உங்கள் உழைப்புக்கு வாடகையைப் போல இரண்டு மடங்கு. ஆஹா என்று சொல்லும் லாபம் இல்லை. ஆனால் ஒரு வருடம் ஓடாவிட்டால் ஒரு வாத்தியார் குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விட்டுவிடலாம். விற்க நினைத்தால் வாங்குவதற்கு ஊரிலேயே ஆள் உண்டு. சின்னக்கானல் காட்டேஜுக்கு இந்த இரண்டு வழியும் கிடையாது. முதல் வீட்டில் தோற்றாலும் குடும்பம் நிற்க வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம்.

வரி விஷயம் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மொத்த வரவு வருடத்துக்கு 20 லட்சத்துக்குக் கீழே இருப்பதால் ஜிஎஸ்டி பதிவு உங்களுக்குத் தேவைப்படாது, தளம் வழியாக வரும் புக்கிங்குக்கு அவர்களே பிடித்துக் கட்டிவிடுவார்கள். வருமான வரியில் இதைச் சாதாரண வீட்டு வாடகை போலக் காட்டாமல் தொழில் வருமானமாகக் காட்டுவது நல்லது.

இங்கேயும் எதையும் வாங்கிவிடலாம் என்று அர்த்தமில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. வயல் நடுவே அழகான இடம் என்று நஞ்சையில் கை வைக்காதீர்கள். வீட்டு மனையாக மாற்றுவது கஷ்டம், மாற்றாமல் கட்டினால் அப்ரூவல் கிடைக்காது. மலையை ஒட்டிய சில கிராமங்கள் மலையிடப் பாதுகாப்புக் குழுமப் பட்டியலில் இருக்கின்றன, ஹாகா என்று சொல்வார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் சர்வே நம்பர் இருக்கும் கிராமம் உண்டா என்று தேனி நகர் ஊரமைப்பு ஆபீஸில் கேட்டுவிடுங்கள். பஞ்சமி நிலமா, கோயில் நிலமா என்பதையும் பாருங்கள். வில்லங்கச் சான்று 30 வருடத்துக்கு, மூலப்பத்திரம், விற்பவர் பெயரில் பட்டா, நில அளவை வரைபடம், வீட்டுக்கு வாங்கிய பிளான் அப்ரூவல், இந்த ஐந்தும் மேசைக்கு வராமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய வீடு பார்க்க ஆசையாக இருக்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதைப் பார்க்கவே வருகிறார்கள். ஆனால் திராட்சைக்கு அடிக்கடி மருந்து அடிப்பார்கள். காற்று உங்கள் பக்கம் வீசினால் ஜன்னலைத் திறக்க முடியாது, சின்னக் குழந்தையோடு வந்தவர்கள் அன்றைக்கே கிளம்பிவிடுவார்கள். தோட்டத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி வாங்கி, விருந்தினரைத் தோட்டத்துக்கு நடத்திக் கூட்டிப்போங்கள். தேசிய நெடுஞ்சாலை 183 மேலேயே இருக்கும் வீடும் வேண்டாம், ராத்திரி முழுக்க லாரி. ஆனால் டெம்போ டிராவலர் உள்ளே வந்து திரும்ப வேண்டும். வீட்டைப் பார்க்கப் போகும்போது காரில் போகாமல், தெரிந்த டிரைவர் யாரையாவது வேனோடு வரச் சொல்லுங்கள். தெரு முனையில் வளைகிறதா, தொங்கும் கேபிள் வயர் மேலே தட்டுகிறதா, திருப்புவதற்காக எதிர்வீட்டு வாசலில் ஏற வேண்டியிருக்கிறதா என்று அவரே சொல்லிவிடுவார். எதிர்வீட்டுக்காரரோடும் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். நாள் வாடகை வீட்டை மூட வைப்பது பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் புகார்தான், குடித்துவிட்டுச் சத்தம் போடும் கூட்டத்தால் வருவது. பேச்சிலர் கும்பலுக்கு விடுவதில்லை என்று முதல் நாளே முடிவெடுங்கள், எல்லோருடைய ஆதார் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்ய முடியும் என்பது இந்தப் பக்கத்தின் பெரிய சௌகரியம். கூடலூரிலோ உத்தமபாளையத்திலோ ஒரு வீட்டை ஒத்திக்கு எடுங்கள். நாலு, ஐந்து லட்சம் கொடுத்தால் கிடைக்கும், வெளியே வரும்போது பணம் திரும்பி வந்துவிடும். நாள் வாடகைக்கு விடப்போகிறேன் என்பதை ஒத்திப் பத்திரத்திலேயே எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஐப்பசி கடைசியில் ஆரம்பித்தால் ஐயப்ப சீசனும் பொங்கலும் பார்த்துவிடலாம், மாசி, பங்குனியின் வெறுமையும் தெரியும், சித்திரைக் கூட்டமும் தெரியும். யார் போன் செய்கிறார்கள், எந்த ஊருக்குப் போகிறவர்கள், எத்தனை பேராக வருகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கூடலூர் பக்கமா, சின்னமனூர் பக்கமா என்பதை என்னைவிட அந்த நோட்டு நன்றாகச் சொல்லும். பெரிய ஹால் உள்ள வீடா, தனித்தனி அறைகள் உள்ள வீடா என்பதும் அதிலிருந்தே தெரியும்.

பதிவுச் செலவையும் 35-க்குள் அடக்குங்கள். தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கேரளாவில் 8-ம் 2-ம். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலிலிருந்து பெண்கள் பெயரில் 10 லட்சம் மதிப்பு வரைக்கும் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்திருக்கிறார்கள். சின்ன மனை ஏதாவது சேர்த்து வாங்கினால் உதவும். பெயிண்ட், ஏசி, கட்டில், மெத்தை, வாட்டர் ஹீட்டர், இன்வெர்ட்டர் எல்லாவற்றுக்கும் தனியாக நாலு லட்சம் ஒதுக்கி வையுங்கள். அப்படியானால் வீட்டின் விலை 28 லட்சத்தைத் தாண்டக் கூடாது.

சின்னக்கானல் புரோக்கர் இந்த வாரமே டோக்கன் அட்வான்ஸ் கேட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பட்டய நகலும் வரன்முறை உத்தரவும் கொடுத்தால் பேசலாம் என்று மட்டும் சொல்லுங்கள். பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.